எடின்பரோ பழைய நகரில் ஒரு பேய் நடை: முதல்முறை போகிறவர்களுக்கு

எடின்பரோவுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து இறங்கும் நம்மவர்கள் முதல் வாரமே கோட்டையைப் பார்த்துவிடுவார்கள். அடுத்த வாரம் யாராவது ஒருவர் "கோஸ்ட் டூர் போனீங்களா?" என்று கேட்பார். ராயல் மைல் தெருவில் சாயங்காலமானால் கறுப்பு அங்கி போட்ட வழிகாட்டிகள் ஆள் சேர்த்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். தாராளமாக அவர்களோடு போங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு பகல் அதே தெருக்களில் நீங்களாகவே நடந்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை.

காரணம், இந்த ஊர்ப் பேய்க் கதைகளில் பாதிக்கு மேல் நிஜ மனிதர்களிடமிருந்து வந்தவை. பெயர் தெரியும், தேதி தெரியும், விசாரணைப் பதிவுகூட இருக்கும். அந்த மனிதருக்கு என்ன நடந்தது, யார் செய்தார்கள் என்று தெரிந்துகொண்டு இருட்டில் போய் நின்றால் கதை வேறு மாதிரி இறங்கும். ஒன்றும் தெரியாமல் போனால் பின்னாலிருந்து யாரோ கத்தியதும் திடுக்கிட்டது மட்டும்தான் மிஞ்சும்.

கிளம்பும் முன்

நேரத்தை முதலில் பாருங்கள். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பகலில் நடந்து இரவில் டூர் போகும் திட்டத்துக்கு அக்டோபர், நவம்பர், பிப்ரவரி, மார்ச் தோதானவை. ஆகஸ்ட் வேண்டாம். திருவிழாக் கூட்டத்தில் தெருவில் நகரவே முடியாது, ஒரு கல்வெட்டைக்கூட நின்று படிக்க விடமாட்டார்கள்.

தெரு முழுக்கக் கருங்கல் பாவியது. மழை பெய்தால் வழுக்கும், பெரும்பாலும் பெய்யும். பிடிப்புள்ள ஷூ கட்டாயம். குடை இந்த ஊர்க் காற்றுக்கு நிற்காது, தொப்பி வைத்த மழை ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். காலை பத்தரைக்குத் தொடங்கினால், உள்ளே போகும் இடங்களையும் சேர்த்து, சாயங்காலத்துக்குள் முடிக்கலாம். அருங்காட்சியகங்கள் பொதுவாக ஐந்து மணிக்கு மூடிவிடும்.

ஊரின் அமைப்பு மனதில் இருந்தால் மேப்பைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியதில்லை. மேற்கே எரிமலைப் பாறை மேல் கோட்டை, கிழக்கே ஹாலிரூட் அரண்மனை. இரண்டையும் சேர்த்து மேட்டின் முதுகில் ஓடுவது ராயல் மைல். அதிலிருந்து இருபுறமும் மீன் முள் போலக் குறுகிய சந்துகள் பள்ளத்துக்கு இறங்கும். அவற்றை இங்கே 'குளோஸ்' என்பார்கள். மதிலுக்குள்ளே இடம் போதாமல் வீடுகள் ஏழெட்டு மாடிக்கு உயர்ந்தன. பணக்காரனும் ஏழையும் ஒரே கட்டடத்தில், வெவ்வேறு மாடியில். கழிவு ஜன்னல் வழியாகத் தெருவுக்கு. இன்று பூங்காவாக இருக்கும் வடக்குப் பள்ளம் அன்று சாக்கடை தேங்கிய ஏரி.

கோட்டை வாசல்

கோட்டை முன்திடலிலிருந்து இறங்கும் இடத்தில், பழைய நெசவாலைக் கட்டடத்தின் சுவரில் ஒரு சின்ன இரும்புக் குடிநீர்த் தொட்டி பதித்திருக்கும். பத்தில் ஒன்பது பேர் அதைக் கவனிக்காமல் கோட்டையைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். நீங்கள் நில்லுங்கள். இதற்குப் பெயர் சூனியக்காரிகளின் கிணறு. நெருங்கிப் பார்த்தால் ஒரு பாம்பு, ஒரு நரிக்கையுறைச் செடி (ஃபாக்ஸ்குளோவ்), இரண்டு முகங்கள் தெரியும். அந்தச் செடிக்கு இதயத்தை நிறுத்தும் விஷமும் உண்டு, அளவாகக் கொடுத்தால் இதயத்துக்கு மருந்தும் அதுதான்.

ஸ்காட்லாந்தில் 1563-ல் சூனியத்துக்கு மரண தண்டனை என்று சட்டம் வந்தது. 1736 வரை அது இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் கிட்டத்தட்ட 4,000 பேர், பெரும்பாலும் பெண்கள். அவர்களில் பலர் இந்த மேட்டில்தான் கம்பத்தில் கட்டி, கழுத்தை நெரித்து, பிறகு எரிக்கப்பட்டார்கள். ஒருவரை மட்டும் பெயரோடு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆக்னஸ் சாம்ப்சன். கிராமத்தில் பிரசவம் பார்த்து, மருந்து கொடுத்து வந்தவர். அரசர் ஆறாம் ஜேம்ஸ் டென்மார்க்கிலிருந்து மணப்பெண்ணை அழைத்து வந்தபோது கடலில் புயல் அடித்தது. அந்தப் புயலைச் சூனியக்காரிகள் கிளப்பினார்கள் என்று முடிவுகட்டி, அரசரே நேரில் உட்கார்ந்து இவரை விசாரித்தார். தலையை மழித்து, தூங்கவிடாமல் வைத்து, தலையில் கயிற்றைச் சுற்றி முறுக்கி வாக்குமூலம் வாங்கினார்கள். 1591 ஜனவரியில் கொன்று எரித்தார்கள். 2022 மார்ச் 8 அன்று ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் நாடாளுமன்றத்தில் இவர்கள் எல்லோருக்குமாக மன்னிப்புக் கேட்டார்.

தொட்டிக்கு மேலே உள்ள பலகையில், சிலர் தங்கள் அறிவைத் தீமைக்குப் பயன்படுத்தினார்கள், சிலர் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டார்கள் என்ற பொருளில் எழுதியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எரிக்கப்பட்டவர்களில் சூனியம் செய்தவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. பலகையைப் படியுங்கள், ஆனால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

இந்தத் தொட்டியை 1894-ல் வைக்கச் செய்தவர் பேட்ரிக் கெடஸ். நகரத் திட்டமிடலில் பெரிய பெயர். 1914-ல் நம் பக்கம் வந்து மதராஸ் மாகாண ஊர்களைச் சுற்றி, மதுரை உட்படப் பல ஊர்களுக்கு அறிக்கை எழுதியவரும் இவர்தான். அவர் அனுப்பிய கண்காட்சிப் பொருள்கள் வந்த கப்பலை வழியிலேயே மூழ்கடித்தது, சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்.

லான்மார்க்கெட்

கீழே இறங்கினால் தெரு அகலமாகும் இடம் லான்மார்க்கெட். வலப்பக்கம் பிராடிஸ் குளோஸ். வில்லியம் பிராடி தச்சர் சங்கத் தலைவர், நகர மன்ற உறுப்பினர். பணக்கார வீடுகளுக்கு அலமாரியும் பூட்டும் செய்துகொடுத்தவர், சாவியை அச்செடுத்து வைத்துக்கொண்டு இரவில் அதே வீடுகளில் திருடினார். கடைசியில் வரி அலுவலகத்தில் கை வைத்து, ஆம்ஸ்டர்டாமுக்கு ஓடி, பிடிபட்டு, 1788 அக்டோபர் 1 அன்று தூக்கில் தொங்கினார். அவர் செத்தே போகவில்லை, பிற்பாடு பாரிஸில் பார்த்தோம் என்றெல்லாம் கதை உண்டு. குளோஸைப் பார்த்துவிட்டு நகருங்கள், உள்ளே அதிகம் இல்லை.

இதே தெருவில்தான் 1829 ஜனவரி 28 அன்று, ஆட்களைக் கொன்று உடலை விற்ற வில்லியம் பர்க்கைத் தூக்கிலிட்டார்கள். மழையிலும் 20,000 பேருக்கு மேல் கூடினார்கள். பர்க்கின் கதையைக் கிராஸ்மார்க்கெட்டில் சொல்கிறேன், அவர் வாழ்ந்தது அந்தப் பக்கம்.

செயின்ட் கைல்ஸ், அதன் எதிரே பூமிக்கடியில்

செயின்ட் கைல்ஸ் தேவாலயத்தின் மேற்கு வாசல் அருகே தரைக் கற்களில் இதய வடிவம் தெரியும். உள்ளூர்க்காரர்கள் அதன்மேல் துப்பிவிட்டுப் போவார்கள், முகம் சுளிக்காதீர்கள். 1817-ல் இடிக்கப்பட்ட டோல்பூத் சிறையின் இடம் அது. சித்திரவதையும் தூக்கும் நடந்த கட்டடம். துப்புவது அதன்மீது.

எதிர்ப்பக்கம் நகர மன்றக் கட்டடம். அதற்கு அடியில் இருக்கிறது மேரி கிங்ஸ் குளோஸ். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள், நேரில் போனால் இடம் கிடைப்பது கஷ்டம். உள்ளே ஏறக்குறைய ஒரு மணி நேரம். மூச்சுமுட்டல், முட்டிவலி உள்ளவர்கள் டிக்கெட் வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், படிகள் செங்குத்து, கூரை தாழ்வு.

இந்த இடத்தைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை: 1645-ல் பிளேக் வந்தபோது நோயாளிகளை உள்ளே வைத்து இருபக்கமும் சுவர் எழுப்பிச் சாகவிட்டார்கள், அந்த ஆவிகள்தான் இன்றும் அலைகின்றன. இது நடக்கவில்லை. பிளேக் வந்தது நிஜம், ஊரைக் காலி செய்ததும் நிஜம். ஆனால் நோய்கண்ட வீடுகளுக்கு உணவும் கரியும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்; ஜார்ஜ் ரே என்ற மருத்துவர் தோல் அங்கியும் பறவை மூக்கு முகமூடியும் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கட்டியைக் கீறிச் சுட்டார். அவருக்கு முன்னிருந்த மருத்துவர் பிளேக்கிலேயே போய்விட்டதால், நகர மன்றம் இவருக்குச் சம்பளத்தை ஏற்றிப் பேசியது. இவர் பிழைத்துக்கொண்டார், பேசிய பணத்துக்காகப் பல காலம் அலைந்தார். சந்து மறைந்தது நூறு வருஷம் கழித்து, 1753-ல் தொடங்கிய புதுக் கட்டடத்துக்காக மேல்மாடிகளை வெட்டி, கீழ்ப்பகுதியை அஸ்திவாரமாக்கியபோது. அதற்கப்புறமும் 1902 வரை அங்கே ஆள் குடியிருந்தார்கள்.

உள்ளே ஒரு அறையில் பொம்மைக் குவியல் இருக்கும். 1992-ல் வந்த ஜப்பானிய ஆவியுலகப் பெண் ஒருவர், ஆனி என்ற சிறுமி தன் பொம்மையைத் தொலைத்துவிட்டு அழுகிறாள் என்றார். ஒரு பொம்மை வாங்கி வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து உலகெங்குமிருந்து வருபவர்கள் பொம்மை வைக்கிறார்கள். ஆனி என்ற குழந்தை அங்கே இருந்ததற்குப் பதிவு கிடையாது. பிளேக்கில் குழந்தைகள் செத்ததற்கு இருக்கிறது. நீங்கள் வைக்க விரும்பினால் வையுங்கள், அது யாரோ ஒரு குழந்தைக்குப் போய்ச் சேரட்டும்.

பாலத்துக்குள்ளே இருக்கும் அறைகள்

ராயல் மைலில் இன்னும் கீழே வந்து வலப்பக்கம் திரும்பினால் சவுத் பிரிட்ஜ். பார்க்கக் கடைத்தெருதான், நிற்பது பாலம் என்றே தெரியாது. 1788-ல் முடிந்த இந்தப் பாலத்துக்கு 19 வளைவுகள். கௌகேட் தெருவுக்கு மேலே உள்ள ஒன்று மட்டும்தான் வெளியே தெரிகிறது. மற்றவை இருபுறமும் கட்டடங்களால் மூடப்பட்டு, உள்ளே நிலவறைகளாகிவிட்டன. பாலத்தை முதலில் கடக்கவிருந்த மூதாட்டி திறப்பதற்குள் இறந்துவிட, அவர் சவப்பெட்டிதான் முதலில் கடந்தது, அதனால் பாலம் சாபம் பிடித்தது என்பார்கள்.

சாபத்தைவிடத் தண்ணீர்தான் காரணம். மேலே நீர் கசியாமல் பூசவில்லை. செருப்புத் தைப்பவர்களும் சாராயக் கடைக்காரர்களும் ஈரம் தாங்காமல் வெளியேறினார்கள். வேறு கதியில்லாதவர்கள் உள்ளே வந்தார்கள். ஜன்னல் இல்லை, கழிப்பிடம் இல்லை, எரிவது மீன் எண்ணெய் விளக்கு. பிறகு அறைகளை மண்ணும் குப்பையும் கொட்டி அடைத்துவிட்டார்கள். 1980களில் தோண்டி எடுத்தபோது சிப்பி ஓடுகள், மருந்துப் புட்டிகள், பொம்மைகள் கிடைத்தன. பூட்ஸ் சத்தத்தோடு நடக்கும் ஆவி உண்டு என்று உள்ளே சொல்வார்கள். பர்க்கும் அவர் கூட்டாளி ஹேரும் இங்கே பிணம் பதுக்கினார்கள் என்றும் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

இங்கே ஒரு நல்ல பரிசோதனை நடந்திருக்கிறது. 2001-ல் உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மனும் அவர் குழுவும் 200-க்கும் மேற்பட்டவர்களைத் தனித்தனியாக இந்த அறைகளில் நிற்க வைத்து, என்ன உணர்ந்தார்கள் என்று எழுதச் சொன்னார்கள். எந்த அறைக்குப் 'பேய் அறை' என்று பேர் என்பதைச் சொல்லவில்லை. ஆனாலும் பேர் வாங்கிய அறைகளில்தான் அதிகம் பேர் குளிர்ந்தது, யாரோ பார்ப்பது போலிருந்தது என்று எழுதினார்கள். அறையின் அளவு, கூரையின் உயரம், வெளியே உள்ள வெளிச்சம் போன்றவற்றோடு அது பொருந்தி வந்தது. நமக்கு ஏற்படும் உணர்வு பொய்யில்லை, அறை அதைச் செய்கிறது. இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் பயம் குறையாது, நின்று கவனிக்கத் தோன்றும்.

நிலவறைகளுக்குத் தனியாகப் போக முடியாது, டூரோடுதான். பகலில் வரலாற்று நடை, இரவில் பேய் நடை என்று இரண்டும் உண்டு. இப்போதைக்குக் கௌகேட்டில் இறங்கி, கீழிருந்து அந்த ஒற்றை வளைவை அண்ணாந்து பார்த்துவிட்டு மேற்கே நடங்கள்.

கிராஸ்மார்க்கெட்

கௌகேட் போய்ச் சேரும் அகலமான சதுக்கம் இது. இன்று முழுக்க மதுக்கடையும் சாப்பாட்டுக் கடையும். 1784 வரை தூக்குமேடை நின்ற இடம், கிழக்கு மூலையில் வட்ட வடிவ நினைவிடம் இருக்கிறது.

இங்கே சொல்லும் கதைகளில் எனக்குப் பிடித்தது மேகி டிக்சனுடையது. மீன் விற்ற பெண். கர்ப்பத்தை மறைத்தார், குழந்தை இறந்தது. மறைத்ததே கொலைக்குச் சமம் என்று அன்றைய சட்டம். 1724 செப்டம்பரில் தூக்கிலிட்டு, இறந்துவிட்டதாக உறுதிசெய்து, சவப்பெட்டியில் வைத்து உறவினர்கள் மசல்பரோவுக்குக் கொண்டுபோனார்கள். வழியில் ஒரு விடுதியில் தொண்டை நனைக்க நின்றபோது பெட்டிக்குள்ளிருந்து சத்தம். தண்டனை நிறைவேறிவிட்டது, மறுபடி தூக்கிலிட முடியாது என்று விட்டுவிட்டார்கள். பிறகு பல வருஷம் வாழ்ந்தார். அவர் பெயரில் மதுக்கடை இருக்கிறது.

இனி மேற்கு முனைக்கு, வெஸ்ட் போர்ட் தெரு தொடங்கும் இடத்துக்கு வாருங்கள். பர்க்கும் ஹேரும் தங்கியிருந்த சந்து இந்தப் பக்கம் இருந்தது, இப்போது இல்லை. எடின்பரோ அன்று மருத்துவப் படிப்புக்குப் பேர்போன ஊர். அறுத்துப் படிக்கச் சட்டப்படி கிடைத்த உடல்கள் போதவில்லை. புதைத்ததைத் தோண்டி விற்கும் கூட்டம் உருவானது. 1827 கடைசியில் ஹேரின் விடுதியில் ஒரு கிழவர் வாடகை பாக்கியோடு நோயில் இறந்தார். பாக்கிக்கு ஈடாக உடலை, உடற்கூறு கற்பித்த டாக்டர் ராபர்ட் நாக்ஸின் இடத்தில் விற்றார்கள். 7 பவுண்டு 10 ஷில்லிங் கிடைத்தது. அப்புறம் சாகும்வரை காத்திருக்கவில்லை. ஒரு வருஷத்துக்குள் 16 பேரைக் குடிக்கவைத்து, மூச்சடைத்துக் கொன்று விற்றார்கள். கொல்லப்பட்டவர்கள் ஏழைகள், வழிப்போக்கர்கள், தேட ஆளில்லாதவர்கள்.

இந்தக் கதையில் டூர்க்காரர்கள் பல நேரம் தாண்டிப் போகும் இருவர் உண்டு: ஆன் கிரே, ஜேம்ஸ் கிரே தம்பதி. பர்க்கின் வீட்டில் தங்கியிருந்த ஏழைகள். 1828 நவம்பர் 1 அன்று கட்டிலடி வைக்கோலுக்குள் கடைசியாகக் கொல்லப்பட்டவரின் உடலைக் கண்டவர்கள் இவர்கள்தான். வாயை மூடினால் வாரம் பத்து பவுண்டு என்று ஆசை காட்டினார்கள். அன்று அது பெரும் பணம். மறுத்துவிட்டுப் போலீசுக்குப் போனார்கள். ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாகித் தப்பினார், நாக்ஸ்மீது வழக்கே இல்லை, பர்க் தொங்கினார். 1832-ல் உடற்கூறியல் சட்டம் வந்து பிணத் திருட்டு நின்றது. எப்படி என்றால், ஏழை விடுதிகளில் உரிமை கோர ஆளில்லாமல் இறப்பவர்களின் உடலைக் கல்லூரிக்குக் கொடுக்கலாம் என்றார்கள். சுமை மறுபடியும் அதே ஏழைகள் தலையில்.

கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டம்

கேண்டில்மேக்கர் ரோ என்ற ஏற்றத்தில் ஏறினால் மேலே நாய்ச் சிலை. அதன் மூக்கைத் தேய்த்தால் அதிர்ஷ்டம் என்பது சமீபத்தில் கிளம்பியது. சிலை தேய்கிறது, தொடாதீர்கள். பக்கத்து வாசல்தான் கல்லறைத் தோட்டம். இது இன்றும் வழிபாடு நடக்கும் தேவாலயம். கல்லறைமேல் உட்காருவது, சாய்ந்து படம் எடுப்பது கூடாது.

உள்ளே போனதும் தரையோடு பூட்டிய இரும்புக் கூண்டுகளைத் தேடுங்கள். பிணத் திருடர்களுக்குப் பயந்து, உடல் அழுகி விற்பனைக்கு ஆகாமல் போகும்வரை புதைகுழிமேல் பூட்டி வைத்தவை. கம்பி எவ்வளவு தடிமன் என்று பாருங்கள், அந்தப் பயம் எவ்வளவு என்று புரியும்.

பிறகு தெற்கு மூலை. பூட்டிய இரும்புக் கதவுக்குப் பின்னால் நீளமான பகுதி தெரியும்: கவனன்டர் சிறை. அரசர் தேவாலயத்தில் தலையிடக் கூடாது என்று உடன்படிக்கை செய்தவர்கள் கவனன்டர்கள். 1679 ஜூனில் பாத்வெல் பாலத்துப் போரில் தோற்ற சுமார் 1,200 பேரை இங்கே கொண்டுவந்து திறந்தவெளியில் அடைத்தார்கள். கூரை கிடையாது, ரொட்டியும் தண்ணீரும் அளந்து. சிலர் செத்தார்கள், பலர் பணிந்து கையெழுத்துப் போட்டு வெளியேறினார்கள். நவம்பரில் மிச்சமிருந்த 250 பேர் அளவில் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அடிமைபோல் அனுப்பக் கப்பலில் ஏற்றினார்கள். ஆர்க்னி தீவுக்கருகே கப்பல் உடைந்தது. பெரும்பாலோர் மூழ்கினார்கள். இன்று கதவுக்குள் தெரியும் கல்லறை மாடங்கள் பிற்காலத்தவை. அன்றைய சிறை இதைவிடப் பெரிய வெற்று மைதானம்.

அவர்களை வேட்டையாடிய அரசு வழக்கறிஞர் சர் ஜார்ஜ் மெக்கன்சி, மக்கள் வைத்த பெயர் 'ரத்த மெக்கன்சி'. 1691-ல் இறந்து, அதே தோட்டத்தில், குவிமாடக் கூரை போட்ட வட்ட மண்டபத்தில் படுத்திருக்கிறார். கதவுத் துளையில் வாய் வைத்து 'தைரியமிருந்தா வெளிய வா' என்று கத்திவிட்டு ஓடுவது இந்தப் பக்கத்துப் பையன்களின் பழைய விளையாட்டு. 1998-ல் மழைக்கு ஒதுங்கிய வீடற்ற ஒருவர் மண்டபத்தை உடைத்து உள்ளே போனார், தரை இற்று எலும்புகள்மேல் விழுந்தார், அன்றிலிருந்து ஆவி விழித்துக்கொண்டது என்று சொல்கிறார்கள். வந்தவர்கள் மயங்கி விழுந்தார்கள், உடம்பில் கீறலும் கன்றிய தடமும் கண்டார்கள். நகர மன்றம் சிறைப் பகுதியைப் பூட்டியது. இப்போது ஒரு டூரோடு மட்டும்தான் உள்ளே போகலாம். குளிர், இருட்டு, நெரிசல், எதிர்பார்ப்பு எல்லாம் சேர்ந்தால் மயக்கம் வருவது இயல்பு என்பது என் எண்ணம். ஆனால் 2003-ல் இரண்டு பதின்வயதுப் பையன்கள் மண்டபத்துக்குள் புகுந்து ஒரு மண்டையோட்டை எடுத்து விளையாடியது நிஜம். வழக்கு நடந்து, குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

அருங்காட்சியகங்கள்

தோட்டத்துக்கு எதிரே சேம்பர்ஸ் தெருவில் தேசிய அருங்காட்சியகம், அனுமதி இலவசம். ஊழியரிடம் 'ஆர்தர்ஸ் சீட் சவப்பெட்டிகள்' எங்கே என்று கேளுங்கள். 1836-ல் முயல் பிடிக்கப் போன பையன்கள் ஆர்தர்ஸ் சீட் என்ற மலையின் குகையில் 17 குட்டிச் சவப்பெட்டிகளைக் கண்டார்கள், 8 மிஞ்சியிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம்தான். உள்ளே மரப்பொம்மை, அதற்குத் தைத்த துணிச் சட்டை, திறந்த கண். யார் வைத்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பர்க், ஹேர் விற்ற உடல்களும் 17 என்பதால், அடக்கம் கிடைக்காதவர்களுக்கு யாரோ செய்த அடக்கம் என்று ஓர் ஊகம் உண்டு. எனக்கு அதை நம்ப ஆசை.

நேரமிருந்தால் நிக்கல்சன் தெருவில் சர்ஜன்ஸ் ஹால். கட்டணம் உண்டு. பர்க்கின் தோலில் செய்த, சட்டைப்பையில் வைக்கும் சின்னக் குறிப்பேடு அங்கே இருக்கிறது. பழுப்பாக, சாதாரணத் தோல் பர்ஸ் மாதிரிதான் இருக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த ஒரு இடத்தைத் தவிர்த்துவிடலாம். புட்டிகளில் உடல் உறுப்புகள் நிறைய.

இரவு எந்த டூர்?

ஒன்றுதான் முடியும் என்றால் கிரேஃபிரையர்ஸ் டூர் போங்கள், பகலில் பூட்டிக் கிடந்த கதவு அப்போதுதான் திறக்கும். இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள் இருந்தால் பேய் நடை வேண்டாம், பகல் நேர வரலாற்று நடை போதும். ஒவ்வொரு டூருக்கும் வயது வரம்பு வேறு, வாங்கும்போதே பாருங்கள். ஆங்கில உச்சரிப்பு பிடிபடாதோ என்று தயங்கினால் வழிகாட்டிக்குப் பக்கத்திலேயே நடங்கள். டூர் நிற்கும் சந்துகளில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், சத்தம் போட வேண்டாம்.

கதை முடிந்ததும் வழிகாட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் எது பதிவில் இருக்கிறது, எது பிற்பாடு சேர்ந்தது? நல்ல வழிகாட்டிக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். கூட்டம் கலைந்த பிறகும் நின்று பதில் சொல்வார், டூரில் சொல்ல நேரமில்லாத கதைகள் அப்போதுதான் வரும்.